கைடு கிட்ட இடம் இருக்கா?

"பிஎச்.டி. என்ட்ரன்ஸ் எப்போ சார்? சிலபஸ் எங்க கிடைக்கும்?" விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விதான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "கைடு கிட்ட இடம் இருக்கான்னு பார்த்தீங்களா?" அதற்குக் கொஞ்ச நேரம் பேச்சே வராது. பிறகு, "பாஸ் பண்ணிட்டா அவங்களே கைடு குடுத்துருவாங்க இல்லையா சார்?" என்பார்கள்.

விதிப்படி அப்படித்தான். ஆய்வு மாணவருக்கு நெறியாளரை ஒதுக்குவது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் இல்லாத இடத்தை யாராலும் ஒதுக்க முடியாது. முனைவர் பட்டச் சேர்க்கையில் முதல் கதவு இந்தக் காலியிடம்தான், தேர்வு அதற்கு அப்புறம் வருகிற இரண்டாவது கதவு. நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டாவது கதவுக்கு இரண்டு வருடம் படித்துவிட்டு முதல் கதவில் வந்து முட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இளங்கலை, முதுகலைச் சேர்க்கை நமக்குப் பழகிய விஷயம். இடம் துறைக்குச் சொந்தம். வேதியியலுக்கு இத்தனை, கணிதத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை அச்சாகி இருக்கும். மார்க், தரவரிசை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, கவுன்சலிங், பீஸ் கட்டினால் முடிந்தது. அடுத்த ஜூனில் அத்தனை இடமும் மறுபடி காலியாகும். பிஎச்.டி.யில் இடம் ஆளுக்குச் சொந்தம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். எட்டு, ஆறு, நாலு. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சிலபஸைவிட இது முக்கியம். உள்ளே இருக்கிற ஒருவர் முடித்து வெளியே போனால்தான் அடுத்தவருக்கு இடம். உள்ளே இருப்பவர் எப்போது போவார்? குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. ஜூன் மாதத்துக்கும் இந்தக் காலியிடத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எட்டு, ஆறு, நாலு என்பதும் மேல்வரம்புதான். வாசலில் பெயர்ப்பலகையோடு இருக்கும் எல்லா ஆசிரியரும் கைடு ஆகிவிட முடியாது. பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்றால் முனைவர் பட்டத்தோடு 5 ஆய்வுக் கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு 3. ஓய்வு பெற 3 வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக ஆள் எடுக்க முடியாது.

ஒரு கற்பனைத் துறையை எடுத்துக்கொள்வோம். ஆறு ஆசிரியர்கள். இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர். மேலோட்டமாகப் பார்த்தால் 12 + 16 = 28 இடம். ஒரு இணைப் பேராசிரியர் இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டயர்டு, அவரை எடுத்துவிடுங்கள். உதவிப் பேராசிரியர்களில் ஒருவர் இன்னும் தன் பிஎச்.டி.யை முடிக்கவில்லை, ஒருவருக்கு மூன்று கட்டுரை சேரவில்லை. மிச்சம் 6 + 8 = 14. அதில் 12 பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆக 28 என்று தெரிந்த இடம் 2 ஆகிவிட்டது. அந்த இரண்டும் ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம், அவருடைய ஆய்வுத் துறையில் மட்டும். நீங்கள் படித்தது கரிம வேதியியல், அவர் செய்வது மின்வேதியியல் என்றால் அதுவும் உங்களுக்கு இல்லை.

இதை மாநில அளவில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புரியும். 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள், கல்வியியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிட அறிவிப்பை வெளியிட்டது. வேலை தேடுகிறவர்கள் கண்ணில் அது 4,000 வேலை. ஆய்வு மாணவர் கண்ணில் பார்த்தால் அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடந்த காலத்தில் இல்லாமல் போன ஆய்வு இடங்கள். ஒரு நாற்காலிக்கு உச்சவரம்பு 4 என்றால் 16,000. எல்லாரும் தகுதி பெற்ற கைடாக இருக்கப்போவதில்லை, எல்லாக் கல்லூரியிலும் ஆய்வு மையமும் இல்லை, அதனால் உண்மையான எண் இதைவிட நிறையக் குறைவாகத்தான் இருக்கும். கால்வாசி என்று வைத்தாலும் 4,000. ஆசிரியர் நியமனம் தள்ளிப்போனால் வகுப்பு கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த தலைமுறை ஆய்வாளர் சேர்க்கையும் அதோடு சேர்ந்தே நின்றுபோகிறது என்பதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் ஆய்வுப் படிப்பில் தமிழ்நாடு ஒன்றும் பின்தங்கிய மாநிலம் கிடையாது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் பிஎச்.டி. பதிவில் முன்னணியில் இருக்கிற மாநிலம் இது. 2021-22 கணக்கில் நாடு முழுக்க பிஎச்.டி. படிப்பவர்கள் சுமார் 2.12 லட்சம். 2014-15ல் இது 1.17 லட்சம். பெண்கள் 0.48 லட்சத்திலிருந்து 0.99 லட்சம் ஆனார்கள். கூட்டம் இரண்டு மடங்காகிறது, கைடுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நெருக்கடி அங்கேதான்.

விருதுநகருக்கு வருவோம். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கவைப்பது எப்படி என்று நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த ஊர் இது. 1889ல் க்ஷத்ரிய வித்யாசாலாவை ஆரம்பித்தார்கள். மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. அந்த ஊரில் பிறந்த காமராஜர் முதலமைச்சரான பிறகு மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தார். இன்றைய மொழியில் சொன்னால் அதுதான் ரிக்ரூட்மென்ட். பசியோடு இருக்கும் பிள்ளை தானாக வந்து மனுப் போடும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருடம் முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். 2023ல்கூட 97.85 சதவீதத்தோடு மாநிலத்தில் முதல்.

கல்லூரிக்கும் பஞ்சமில்லை. 1947ல் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962ல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, 1963ல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968ல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. கடைசி இரண்டின் பெயரிலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை சிவகாசியில் எல்லாருக்கும் தெரியும். மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததே 1966ல்தான் (காமராசர் பெயர் 1978ல்). அதற்கு முன்னால் இந்த ஊர்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மெட்ராஸ்.

இப்போது தூரம் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குக்கூடப் போக வேண்டாம், கல்லூரியிலேயே ஆய்வு மையம் இருக்கிறது, பதிவு மட்டும் பல்கலைக்கழகத்தில். சிவகாசியில் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் பிஎச்.டி. செய்யலாம். மதுரை வந்து, பஸ் மாறி, தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் பல்கலை நகர் போவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெண்பிள்ளை வைத்திருக்கும் வீட்டில்தான் தெரியும். "தினமும் வீட்டுக்கு வந்துருவா" என்ற ஒரு வாக்கியம் எத்தனை அனுமதிகளை வாங்கித் தந்திருக்கிறது!

இந்த ஏற்பாட்டுக்குள் 2022 வரை ஒரு ரகசியப் படிக்கட்டு இருந்தது. எம்.ஃபில். ஒரு வருடப் படிப்பு, பக்கத்துக் கல்லூரி, கட்டணமும் கம்மி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் போதே "சும்மா இருக்கிறதுக்கு எம்.ஃபில். பண்ணட்டும்" என்று வீட்டில் விடுவார்கள். எம்.ஃபில்.லைத் தரமில்லாத படிப்பு என்று கேலி செய்தவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அந்த ஒரு வருடத்தில் ஆசிரியர் பிள்ளையைப் பார்த்துவிடுவார்: ஆய்வகத்தில் நிற்கிறாளா, சோதனை தப்பினால் மறுபடி செய்கிறாளா, எழுத வருகிறதா. பிள்ளையும் ஆசிரியரைப் பார்த்துவிடும். யார் மாணவர் எழுதியதைப் படிக்கிறார், யார் மேசையிலேயே ஆறு மாதம் வைத்திருக்கிறார் என்று. பிறகு, "அடுத்த வருஷம் எனக்கு ஒரு இடம் காலியாகும், விண்ணப்பம் போடு" என்று அவரே சொல்வார். ஆய்வு மாணவர் தேர்வு உண்மையில் அங்கேதான் நடந்தது. 2022 விதிகள் எம்.ஃபில்.லை எடுத்துவிட்டன. எடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. அது செய்துவந்த ஆள்சேர்ப்பு வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பதில்: யாரும் இல்லை. ஏற்கெனவே அந்தத் துறையில் எம்.எஸ்சி. படித்து, ஆசிரியருக்குத் தெரிந்த முகமாக இருக்கிற பிள்ளைக்குத் தகவல் தெரியும். ஆய்வு மையம் இல்லாத கல்லூரியில் முதலாவதாக வந்த பிள்ளைக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. அதே விதிகளில் யாரும் கண்டுகொள்ளாத இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, இந்த வருடம் எத்தனை பிஎச்.டி. இடம், எந்தப் பாடத்தில் எத்தனை என்று நிறுவனம் முன்கூட்டியே தன் இணையதளத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு, பதிவு செய்த ஆய்வு மாணவர் பட்டியலை வருடவாரியாக வெளியிட வேண்டும்: மாணவர் பெயர், தலைப்பு, நெறியாளர், பதிவுத் தேதி. இரண்டாவது பட்டியல் ஒரு புதையல். அதை எடுத்து ஒரு எக்செல் ஷீட்டில் நெறியாளர் பெயர்வாரியாக அடுக்குங்கள். ஒருவரிடம் எத்தனை பேர், யார் எப்போது சேர்ந்தார்கள் என்று வந்துவிடும். சேர்ந்து ஐந்து வருடம் ஆனவர் சீக்கிரம் முடிப்பார், இடம் வரும். அந்த ஆசிரியரின் பதவி துறைப் பக்கத்தில் இருக்கும். எட்டு, ஆறு, நாலு. கழித்தால் காலியிடம். துல்லியமாக வராது, ஆனால் யாருக்கு மெயில் எழுதலாம், யாருக்கு எழுதி வீண் என்பது தெரியும்.

அந்தப் பட்டியல் இன்னொன்றும் சொல்லும். பத்து வருடமாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், பட்டம் வாங்கியவர் பெயர் மட்டும் எங்கும் தட்டுப்படவில்லை என்றால் அந்தக் கைடு பக்கம் போகாதீர்கள். முடித்தவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து போனில் பேசுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பையன் வேலை செய்யும் இடத்தில் போய் விசாரிப்பதில்லையா, அதே மாதிரி. நாலைந்து வருட பந்தம் இது.

மெயில் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் யுவர் ரிசர்ச்" என்று ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் போகும் மெயிலை யாரும் படிப்பதில்லை. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அதில் புரியாத ஒரு விஷயத்தைக் கேட்டு நாலு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். இங்கிலீஷ் சரளமாக இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழில் போனில் பேசினாலும் தப்பில்லை. நம் கல்லூரி ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் இதே மண்ணிலிருந்து வந்தவர்கள்தான்.

தேர்வைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் ஊரெல்லாம் கோச்சிங் இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், விதியில் சொன்ன பிரிவினருக்கு 5 சதவீதச் சலுகை. நான்கு வருட இளங்கலை முடித்தவர் 75 சதவீதம் இருந்தால் நேராக வரலாம். நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கு. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி.க்கு மட்டும் என மூன்று வகையாகத் தேர்ச்சி. கடைசி இரண்டு வகையில் சேர்க்கைக்கான மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். அந்த ஒரு வருடத்துக்குள் கைடு கிடைக்காவிட்டால்? மறுபடி எழுத வேண்டியதுதான். முதல் கதவு முதலில் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் புதிய ஏற்பாட்டின் முதல் தேர்வு 2024 ஜூன் 18ல் நடந்து, மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட் 21ல் தொடங்கித் திரும்ப நடந்தது. ஒரே தேர்வில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் தடவையே பார்த்துவிட்டோம். தமிழ் போன்ற மொழிப் பாடங்களை விட்டால் நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து மாவட்டத்துக்கு 97 சதவீதம் வாங்கித் தந்த பிள்ளைகள் அங்கேயும் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு வருவோம், வீட்டில் முதல் கேள்வியே அதுதான். ஜேஆர்எஃப் வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. பல வீடுகளில் அது மொத்தக் குடும்ப வருமானத்தைவிட அதிகம். அது இல்லாதவர்களுக்கு? ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் என்றால் முழுநேர ஆய்வுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலையாதீர்கள். ஒற்றைப் பெண்பிள்ளைக்கு மானியக் குழுவின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. பட்டப்படிப்புக்குள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைக் கொண்டுவந்த நல்ல திட்டம், ஆனால் இளங்கலையோடு நின்றுவிடும். பிடி அரிசி பட்டதாரி ஆகிற வரைக்கும்தான்.

இவை எதிலும் வராதவர்கள் பகுதிநேரத்துக்குப் போகிறார்கள். தனியார் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்திக்கொண்டே பிஎச்.டி. செய்வது இந்த வட்டாரத்தில் ரொம்பச் சாதாரணம். பகுதிநேரத்துக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து என்ஓசி வேண்டும். படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடநெறிக்குத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்று எழுதித் தர வேண்டும். காகிதத்தில் எழுதித் தருவார்கள். வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு, அட்மிஷன் சீசனில் ஊர் ஊராகப் போய் இளங்கலைக்குப் பிள்ளை பிடிக்கும் வேலை, இடையில் நேரம் எங்கிருந்து வரும்? ஒருவர் என்னிடம் சொன்னார்: "நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நோட்டீஸ் குடுத்து வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேத்துவிடுறேன். எனக்கு ஒரு கைடு கிடைக்க நாலு வருஷம் ஆச்சு." இளங்கலைக்கு ஆள்பிடிக்க ஒரு படையே வைத்திருக்கிற அமைப்பில், பிஎச்.டி.க்கு ஒரு துண்டு நோட்டீஸ் கிடையாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை வேறு மாதிரிச் செய்கின்றன. நிதியுதவியோடு இடம் கொடுத்த மாணவரை வரவழைத்து ஆய்வகத்தைச் சுற்றிக்காட்டுவார்கள், மூத்த மாணவர்களோடு பேசவிடுவார்கள். ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு, அதற்கு முன் முடிவு சொல் என்று நெருக்கக் கூடாது என்பது அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு. மாணவரும் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அந்த வேகத்தை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிடம் கொஞ்சம் பார்க்கலாம். காரணம் இருக்கிறது. தேசியத் தரவரிசையில் முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கைக்கும் பட்டம் முடித்தவர் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் ஆய்வு மாணவர் அவர்களுக்கு வேண்டும். விளம்பரம் வரும், உதவித்தொகை சொல்வார்கள். போவதில் தவறில்லை. உதவித்தொகை எத்தனை வருடம், அதற்குப் பதிலாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும், வருடா வருடம் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். விதிப்படி ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம்தான் கற்பித்தல் உதவி வேலை தரலாம்.

பெண்பிள்ளைகளுக்கான விதிகள் தனியாகச் சொல்ல வேண்டியவை. இந்த வட்டாரத்தில் பிஎச்.டி. கைவிடப்படுவதற்குச் சோதனைக் குழாயைவிட கல்யாணப் பத்திரிகைதான் அதிகக் காரணம். சேர்வதற்கு முன்பே கைவிடப்படுவதற்கும் அதுதான். "மூணு வருஷத்துக்குள்ள கல்யாணம் ஆகிட்டா படிப்பு பாதியில நிக்கும், பணம் வீண்" என்று அப்பா சொல்வார். கைடுமாரும் சிலர், வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், இதையே நினைத்துப் பையன்களை எடுக்கிறார்கள். விதி என்ன சொல்கிறது? பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. மற்றவர்களுக்கு மறுபதிவோடு 8 வருடம் உச்சம் என்றால் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 வருடம் கூட்டி 10 வருடம். அதற்கும் மேலே, பலருக்குத் தெரியாத ஒன்று: திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அவருடைய ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரலாம். வெளியிலிருந்து நிதி வாங்கிய திட்டத்தின் பகுதியாக அந்த ஆய்வு இருக்கக் கூடாது, மற்ற நிபந்தனைகள் பொருந்த வேண்டும், பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய பெயர் தர வேண்டும். சிவகாசியில் தொடங்கியதைக் கோயம்புத்தூரில் முடிக்கலாம். போன வருடம் இதை ஒரு பெண்ணின் அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். அவர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர். "அப்ப டிசி மாதிரி வாங்கிட்டுப் போயிரலாமா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அந்த ஊரிலும் ஒரு கைடுக்கு இடம் காலியாக இருக்க வேண்டுமே என்பதையும் சொன்னேன். எட்டு, ஆறு, நாலு அங்கேயும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பட்டாசு ஒன்றே போதும். 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது, பேரியம் உப்புக்குத் தடை போட்டது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மாற்றுக் கலவை எங்கிருந்து வந்தது? நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் நீரி நிறுவனத்தின் தலைமையில். ஆலைக்கு உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகமும் நாக்பூர்தான், அதனால்தான் இங்கே "நாக்பூர் லைசென்ஸ்" என்பது ஒரு தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. லைசென்ஸும் நாக்பூர், ஃபார்முலாவும் நாக்பூர். அந்த அமைப்பின் பட்டாசு ஆராய்ச்சி மையம் ஒன்று சிவகாசியிலேயே இருக்கிறது. மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரே அலுமினியப் பொடி செய்யும் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கிருந்து வெடிமருந்துக் கலவைகளின் பாதுகாப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அலுமினியத் துகள் எவ்வளவு நுண்ணியதாக இருந்தால் உராய்வில் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும், ஈரம் பட்ட மருந்து ராத்திரியில் ஏன் சூடாகிறது போன்ற கேள்விகள் இங்கே விடிகாலையில் மருந்து கலக்கும் அறைக்குப் போகிற ஆளுக்கு உயிர்ப் பிரச்சினை. அந்த ஆளின் மகள் வேதியியலில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, கைடு எப்படிக் கிடைக்கும் என்று தெரியாமல் பி.எட். சேர்கிறாள். பி.எட். நல்ல படிப்பு, அதைக் குறைசொல்லவில்லை. அவள் அதைத் தேர்ந்தெடுத்தாளா, அது மட்டும்தான் கண்ணில் பட்டதா என்பதுதான் விஷயம்.

கடைசியாக, எம்.ஃபில். போன பிறகு அதன் வேலையைக் கொஞ்சமாவது செய்யக்கூடிய ஒரு வழி. இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்றும் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்திட்டம் ஒன்றை நடத்துகின்றன. எம்.எஸ்சி. மாணவர்கள், இளங்கலை மாணவர்கள், ஏன், கல்லூரி ஆசிரியர்கள்கூட விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை. இரண்டு மாதம் என்பதால் வீட்டில் அனுமதி வாங்குவதும் சுலபம். திரும்பி வரும்போது கையில் ஒரு பரிந்துரைக் கடிதமும், தெரிந்த ஒரு கைடும் இருப்பார். விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களில், பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வருகிறது. ஊர் முழுக்க பார்சல் கட்டி லாரி ஏற்றுவதில் மும்முரமாக இருக்கும் சமயம், அறிவிப்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஆயுத பூஜை விடுமுறை வந்ததும் அந்த இணையதளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஆசிரியரின் பரிந்துரை தேவைப்படும், அதை மட்டும் விடுமுறைக்கு முன்னாலேயே கேட்டு வைத்துவிடுங்கள்.